நொண்டிக் காட்சியும் உன் வலது காலும்

டேய், போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்ன நொண்டிக் கதை உங்கள் முகாமில் நடந்ததில்லை. அது சினிமாக் காட்சி. நீ ஆறாவது படிக்கும்போது நம் ஊரப்பாக்கம் வீட்டு ஹாலில் குப்புறப் படுத்துக்கொண்டு என்னோடு சேர்ந்து பார்த்தது. பரேடுக்குப் பயந்த ஒருவன் காலில் அடிபட்ட மாதிரி நடித்து டாக்டர் அறைக்குப் போவான். போகும்போது வலது கால் நொண்டும். மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது மறந்துபோய் இடது காலை நொண்டுவான். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் தொப்பை ஹவில்தார் மீசையைத் தடவிக்கொண்டே, "தம்பி, வலி வீடு மாறிடுச்சா?" என்பார். அன்றைக்கு நீ சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, அம்மா வந்து முதுகில் தட்டினாள். அந்தக் காட்சியைத்தான் உங்கள் பாரக்ஸில் இருக்கிற சேலத்துப் பையன் ஒருவனுக்கு நடந்ததாகச் சொன்னாய். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நான்தான் சத்தமாகச் சிரித்தேன் என்று தங்கச்சி சொல்கிறாள்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது, உனக்குத் தெரியும். கடிதம் எழுதியும் பழக்கமில்லை. நான் எழுதுவதெல்லாம் கம்பெனியில் கியர்பாக்ஸ்களைச் சோதித்து ஷிப்ட் முடிந்ததும் கொடுக்கிற ரிப்போர்ட்தான். என்ன சத்தம், எந்த கியரில், தள்ளினேனா பாஸ் பண்ணினேனா, அவ்வளவே. ஆனால் உன்னிடம் போனில் இதைப் பேச முடியாது. வாரத்துக்கு ஒரு தடவைதான் உங்கள் கையில் போனைக் கொடுக்கிறார்கள். உனக்குப் பின்னால் வரிசை நிற்கிறது. இந்தப் பக்கமோ நம் வீடே போனைச் சுற்றி நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. பொறுமை என்ற வார்த்தையை நான் உன்னிடம் சொல்வது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே எப்படி இருக்கிறது என்று நீ பார்த்ததில்லை, சொல்கிறேன். மாமா காலையிலேயே கோவளத்திலிருந்து மீனோடு வந்துவிடுகிறார். முன்பு மாசத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிசு. இப்போது உன் போனுக்காக, விற்பனையைப் பாதியில் விட்டுவிட்டு, வண்டியில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்குகிறார். மாடி வீட்டு ஆன்ட்டி வருவாள். தங்கச்சி போனை டீப்பாய் நடுவில் சத்தம் கூட வர ஸ்டீல் டம்ளருக்குள் நிறுத்தி, சரிபார்த்து, ஸ்பீக்கரில் போட்டுத் தயாராக இருப்பாள். நீ கூப்பிட்டதும் யாரும் நலம் விசாரிப்பதில்லை. எல்லாரும் கதை கேட்க உட்கார்ந்திருக்கிறார்கள். போன வாரமும் அப்படித்தானே ஆரம்பித்தது?

"இன்னாடா சோல்ஜரு, துப்பாக்கி குட்த்தாங்களா இல்லியா?"

"இன்னும் கட்டைதான் மாமா. அதைத் தலைக்கு மேல தூக்கிட்டு ஓடச் சொல்றாங்க."

"கட்டய வெச்சிகினு யார சுடப் போறானுங்க? அத்த இங்க அனுப்பிச்சுடு, மீன் வறுக்க ஆவும்."

ஹால் அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நீ சேலத்துப் பையன் கதையை ஆரம்பித்துவிட்டாய். மூச்சே விடாமல் சொன்னாய். ஹவில்தார் குரலில் சொன்னாய், டாக்டர் குரலில் சொன்னாய். கதை முடிந்ததும் உனக்குப் பின்னால் யாரோ இந்தியில் அவசரப்படுத்தினார்கள். "வைக்கிறேன்பா" என்று சொல்லிவிட்டு, கடைசியாக ஒன்று கேட்டாய். "அம்மா சிரிச்சாங்களா?" எல்லா ஞாயிறும் அதைத்தான் கேட்டுவிட்டு வைக்கிறாய். அதற்கு முந்தின வாரம் கட்டிலுக்கு அடியில் படுத்துத் தூங்கிய கதை. முதல் வாரம் சமையல்காரன் உப்புக்குப் பதிலாகச் சோடா உப்பைக் கொட்டிய கதை. எல்லாவற்றுக்கும் முடிவில் இந்த ஒரே கேள்வி. யோசித்துப் பார்க்கிறேன், "நான் நல்லா இருக்கேன்" என்று நீ ஒரு வாரம்கூடச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இந்தப் பட்டாளக் காமெடிப் பைத்தியம் என்னிடமிருந்து உனக்கு வந்தது. எனக்கு இருபது வயசில் நீ பிறந்தாய். டிப்ளமோ கடைசி செமஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா வீட்டில் மாமாவைத் தவிர யாரும் எங்களோடு பேசவில்லை, என் வீட்டில் அப்படி ஒருவர்கூட இல்லை. அந்த வருஷம் யாராவது என்னை அதட்டினால் அடித்துவிடுவேன் என்கிற நிலையில் இருந்தேன். அப்போதுதான் பழைய டிவி ஒன்றை வாங்கிப் பிரித்து, நானே சரிசெய்து ஓடவிட்டேன். அதில் முதலில் வந்த படம் ஒரு பட்டாளக் காமெடி. வாய்க்கு வந்தபடி அதட்டுகிற ஒரு பெரிய மீசை, அதற்குக் கீழே லெஃப்ட் எது ரைட் எது என்று தெரியாத ஒரு முட்டாள். அதட்டுகிறவனை முட்டாள் ஜெயித்துக்கொண்டே இருக்கிறான். மடியில் உன்னை வைத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. அதற்கப்புறம் அந்த மாதிரிப் படம் எது வந்தாலும் விடுவதில்லை. நீ வளர வளர நீயும் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாய்.

அந்தப் படங்களை இப்போது பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே டிசைன். தப்பான வரிசையில் நின்றதால் ஒருவன் பட்டாளத்தில் சேர்ந்துவிடுவான். அதிகாரிக்கு வெளியே புலி வேஷம், வீட்டில் பெண்டாட்டியைக் கண்டால் பயம். ஒரு சமையல்காரன், மூக்கால் பேசுகிற ஒரு பையன், பெரிய அதிகாரி பார்வையிட வருகிற நாளில் சாம்பார் அண்டாவில் விழுகிற தொப்பி. மைதானத்தைச் சுற்றித் தவளை மாதிரித் தத்திப் போகச் சொல்லித் தண்டனை கொடுப்பார்கள். அவன் இரண்டு தத்துத் தத்துவான். நமக்குச் சிரிப்பு வந்ததும் காட்சி வெட்டும். அடுத்த காட்சியில் கேன்டீனில் உட்கார்ந்து பூரி தின்றுகொண்டிருப்பான். மைதானத்தின் மிச்சத்தை அவன் எப்படிச் சுற்றினான் என்று எந்தப் படமும் காட்டியதில்லை. காட்டினால் யாரும் சிரிக்க முடியாது. முட்டி தேய்ந்ததும், வாந்தி எடுத்ததும், பக்கத்தில் இருப்பவன் பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டதும் வெட்டிய இடத்தில் கிடக்கிறது. உனக்கு அங்கே வெட்டு கிடையாது. முழு மைதானத்தையும் நீதான் சுற்ற வேண்டும். அதைச் சுற்றி முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு முதல் இரண்டு தத்தை மட்டும் சொல்லிக் காட்டுகிறாய்.

இதை நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்றும் எனக்குத் தெரியும். உனக்குப் பத்து வயசு இருக்கும்போது அம்மாவுக்குக் குரோம்பேட்டையில் ஆபரேஷன் நடந்தது. நினைத்ததைவிட நேரம் இழுத்துக்கொண்டே போனது. உள்ளே இருந்து யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமா சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றார். தங்கச்சி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் எவனையாவது பிடித்துச் சண்டை போடலாமா என்று வராந்தாவில் ஆள் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது நீ பிளாஸ்க் மூடியைத் தலையில் தொப்பியாக வைத்துக்கொண்டு, கையும் காலும் ஒரே பக்கமாக வீசி, படத்தில் வருகிற முட்டாள் மாதிரியே அந்த வராந்தாவில் மார்ச் பண்ணினாய். திரும்புகிற இடத்தில் தப்பான பக்கம் திரும்பி நர்ஸ் மேல் மோதி, அவருக்கு இடது கையால் சல்யூட் அடித்தாய். முதலில் நர்ஸ் சிரித்தார். பிறகு தங்கச்சி. பிறகு மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அய்ய, இவன் இன்னா ஆளுடா சாமி" என்றார். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு, "நீ இருக்கிற இடத்துல எவனும் அழ முடியாதுடா" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பின்னால் நீ குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாய். கேன்டீன் பஜ்ஜி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து எலுமிச்சைச் சோடா வாங்கிக் கொடுத்தேன். நீ அன்றைக்குப் பஜ்ஜியே சாப்பிடவில்லை என்று அம்மா இந்த வாரம்தான் சொன்னாள். அவளுக்குத் தங்கச்சி சொன்னாளாம்.

பொத்தேரி காலேஜை நீ இரண்டாம் வருஷத்தில் விட்டபோதும் இப்படித்தான். அரியர் மேல் அரியர். நான் வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த எரிச்சலில் கத்தினேன். நீ ஹவில்தார் குரலில், "ஐயா, இந்த மண்டை ராணுவ ரகசியம் ஐயா, உள்ளே எதுவும் போகாது ஐயா" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் போனது. உனக்கு ஏன் எதுவும் ஏறவில்லை, அங்கே என்ன நடந்தது, யாரோடு உட்கார்ந்தாய், எங்கே சாப்பிட்டாய், எதையும் கேட்காமலே அந்தப் பேச்சு முடிந்தது. "உனக்கெல்லாம் பட்டாளம்தான் லாயக்கு. அங்கதான் லெஃப்ட் ரைட் தெரியாதவனையும் சேர்த்துக்கிறான்" என்று நானும் என் பங்குக்கு ஒரு வசனம் விட்டேன். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். ஆறு மாசத்தில் ஆள்சேர்ப்பு முகாமுக்கு விண்ணப்பித்துவிட்டு வந்து நின்றாய். அம்மா உள்ளே போனாள். நான் கை கொடுத்தேன். ஒன்றுமே செய்யாமல் வீட்டில் கிடப்பதைவிட ஏதோ ஒன்று என்று நினைத்தேன். எனக்கு எதுவும் உடனே முடிய வேண்டும், உனக்குத்தான் தெரியுமே.

ஓட்டப் பயிற்சிக்கு நீ சர்வீஸ் ரோடு தாரில்தான் ஓடினாய். நான்தான் பைக்கில் பின்னால் வந்து நேரம் பார்த்தேன். முதல் மாசமே வலது கால் முன்னெலும்பு வலிக்கிறது என்றாய். "எல்லாருக்கும் வலிக்கும், ஓடு" என்றேன். மாமா வந்து தைலம் போட்டுத் தேய்த்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே ஒரே ஒரு இடத்தில் அவர் விரல் பட்டபோது நீ காலை உருவிக்கொண்டாய். "இன்னாடா, பொட்டப்புள்ள மாரி கூசுது உனுக்கு?" என்றார். நீ கூச்சம் மாதிரியே நெளிந்து காட்டினாய். நாங்கள் சிரித்தோம். பிறகு நீ அந்தக் காலைப் பற்றிப் பேசவே இல்லை. ஆள்சேர்ப்பு முகாமில் ஓடி முடித்துத் தேர்வாகிவிட்டாய். சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

தாம்பரம் பிளாட்பாரத்தில் உன்னை ஏற்றிவிட்ட நாளையும் சொல்லிவிடுகிறேன். மற்ற பையன்களின் அம்மா அப்பா எல்லாம் அழுதுகொண்டிருந்தார்கள். ஒருவர் தன் மகன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்கு அதெல்லாம் பார்க்கவே பொறுக்கவில்லை. வண்டி அசைந்ததும் இடது கையால் உனக்குச் சல்யூட் வைத்தேன். நீ கதவருகில் நின்று இடது கையாலேயே திருப்பி வைத்தாய். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா என்னைப் பார்த்த பார்வையை அப்போது நான் கவனிக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த மனிதரும் சிரித்துவிட்டார். இப்போது அவரைத்தான் அடிக்கடி நினைக்கிறேன். அவர் மகன் ஞாயிற்றுக்கிழமை போனில் என்ன பேசுவான்? வலித்தால் வலிக்கிறது என்பானாக இருக்கும்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது மாடி வீட்டு ஆன்ட்டியின் அக்கா வந்திருந்தார். அவருக்கு உன் சேலத்துப் பையன் கதையை நடித்துக் காட்ட வேண்டும் என்று தங்கச்சியைக் கேட்டிருக்கிறார்கள். அவள் உற்சாகமாக ஹாலின் ஒரு மூலையிலிருந்து வலது காலை இழுத்துக்கொண்டு சோபா வரைக்கும் நொண்டினாள். சோபாதான் டாக்டர். அங்கிருந்து திரும்பினாள். திரும்பும்போதும் வலது காலையே இழுத்துக்கொண்டு நொண்டினாள். கதவு வரைக்கும் வந்து நின்று, "தம்பி, வலி வீடு மாறிடுச்சா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

"காலை மாத்தணும்டி" என்று அம்மா சொன்னாள்.

"அண்ணன் மாத்தலையேம்மா. போகும்போதும் வலது கால்னுதான் சொன்னான், வரும்போதும் வலது கால்னுதான் சொன்னான்."

"அப்படின்னா அந்த ஹவில்தார் ஏன் அப்படிக் கேக்குறாரு?"

"தெரியல. அண்ணன் சொன்னா சிரிப்பு வருது. நான் சொன்னா சப்புனு இருக்கு."

அவள் மறுபடியும் செய்து பார்த்தாள். டிபன் பையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். உன் தங்கச்சி வலது காலை இழுத்துக்கொண்டு போகிறாள், வலது காலை இழுத்துக்கொண்டு வருகிறாள். கால் மாறவே இல்லை. மாறினால்தான் அது நடிப்பு. மாறாவிட்டால் அது வலி. உனக்கு அந்தக் காட்சி தலைகீழ்ப் பாடம். ஆயிரம் தடவை எனக்கே நடித்துக் காட்டியிருக்கிறாய். அந்தச் சிரிப்பின் அச்சாணியே காலை மாற்றுவதுதான். அதை நீ மறக்கவே மாட்டாய். அப்படியும் இரண்டு தடவையும் வலது கால் என்று உன் வாயில் வந்திருக்கிறது என்றால், நீ படத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, உன் காலைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாய். சேலத்துப் பையன் யாரும் இல்லை. நடிக்கிறான் என்று யாரோ சிரித்தது உன்னைப் பார்த்து.

மறுநாள் கம்பெனி பஸ் படப்பை மார்க்கெட்டில் நெரிசலில் நின்றபோது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. கியர்பாக்ஸில் சத்தம் வந்தால் டெஸ்ட்டில் நான் தள்ளிவிடுவேன் என்று லைனில் எல்லாருக்கும் தெரியும். புதிதாக வந்த பையன்கள் ஒரு வேலை செய்வார்கள். கெட்டியான கிரீஸை உள்ளே அப்பிவிடுவார்கள். சத்தம் அடங்கிவிடும். காதை வைத்துக் கேட்டால் புதுசு மாதிரி ஓடும். கொஞ்ச நாளில் கிரீஸ் உருகி, உள்ளே பல் உடைந்து, வண்டி நடுரோட்டில் நிற்கும். அந்தப் பையன்களை நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். சத்தத்தை ஏன்டா அடக்குறீங்க, சத்தம்தான்டா என்னோடு பேசுது என்று. வேலையில் சரியாகத்தான் இருந்திருக்கிறேன். வீட்டில் உன்னிடம் ஒவ்வொரு தடவையும் கிரீஸைத்தான் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

காலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது கவனமாகப் படிக்க வேண்டிய இடம். ஷாஃப்ட்டில் முடியளவு விரிசல் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த விரிசல் துளி நீளும். ஒருநாள் எந்த அறிவிப்பும் இல்லாமல் இரண்டாகும். எலும்பிலும் அப்படித்தான் என்று இங்கே ஒரு எலும்பு டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். நீ சொன்ன கதையை அவரிடம் சொல்லவில்லை. ஓடுகிற பையன், ஒரே இடத்தில் வலி, தொட்டால் உருவிக்கொள்கிறான் என்றேன். "படம் எடுத்துப் பார்க்காம ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா ஓட்டத்தை இன்னைக்கே நிறுத்தணும்" என்றார். "ஓடிக்கிட்டே இருந்தா?" என்று கேட்டேன். "உடைஞ்சா அதுக்கப்புறம் அவனைப் பட்டாளத்துல மட்டும் இல்ல சார், பஸ் பிடிக்கக்கூட ஓட விட மாட்டேன்" என்றார். அவரும் ஒரு வசனமாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பள்ளிக்கூடப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். "எனக்கு முதல் வாரமே தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"சாப்பாடு எப்படிப்பா இருக்குன்னு கேட்டேன். சமையல்காரன் கதையைச் சொன்னான். சாப்பிட்டேன்னு சொல்லல."

"அப்புறம் நீ ஏன் சிரிச்ச?"

"கேக்குறானே. ஒவ்வொரு வாரமும் அம்மா சிரிச்சாங்களான்னு கேட்டுட்டுத்தானே வைக்கிறான். இல்லன்னு எப்படிங்க சொல்றது?"

நீ அவளுக்காகச் சிரிக்க வைக்கிறாய். அவள் உனக்காகச் சிரிக்கிறாள். நடுவில் நான் ஒருவன் நிஜமாகவே சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே போய் அங்கிருக்கும் டாக்டரிடம் காலைக் காட்டு. முதல் தடவை போனபோது நீ அங்கேயும் ஏதாவது செய்து சிரிக்க வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். அவர் நடிப்பு என்று நினைத்திருந்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். உன்னைப் பெற்ற நானே கண்டுபிடிக்கவில்லை. இந்தத் தடவை கதை வேண்டாம். எங்கே வலிக்கிறதோ அங்கே விரலை வைத்துக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு நில். உன்னை அடுத்த பேட்ச்சுக்குத் தள்ளுவார்கள். தள்ளட்டும். வீட்டுக்கே அனுப்பினாலும் அனுப்பட்டும். காலேஜையும் விட்டான், பட்டாளத்தையும் விட்டான் என்று தெருவில் பேசுவார்கள். பேசுவார்கள்தான், அதை இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நானும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு அலைவேன், என் புத்தி அப்படி. அதற்காக நீ காலை உடைத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

இதை அங்கே யாராவது பிரித்துப் படிப்பார்கள் என்றால் தாராளமாகப் படிக்கட்டும். அதற்காகத்தான் எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதியிருக்கிறேன். தமிழ் தெரிந்த யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், ஐயா, உறையின்மேல் பெயர் இருக்கும் இந்தப் பையன் உங்களை நன்றாகச் சிரிக்க வைத்திருப்பான். உங்களில் அவனைப் பிடிக்காதவர்கள் இருக்க மாட்டார்கள். தயவுசெய்து அவன் வலது காலைப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம்.

தபால் எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியவில்லை. ஞாயிறு முந்திக்கொண்டாலும் முந்திக்கொள்ளும். அதனால் அன்றைக்கு என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாமாவிடம் பேசிவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் ஐஸ் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கித் தேய்க்கசொல்லோ கால இஸ்துகினானே மாப்ள, நான் இன்னாத்துக்கு சிரிச்சேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இந்த ஞாயிறு அவர் வருவார், ஆனால் வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். ஆன்ட்டியை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. தங்கச்சி டியூஷனுக்குப் போய்விடுவாள். டீப்பாயில் போன் இருக்காது. ஸ்பீக்கர் கிடையாது. என் காதில் வைத்திருப்பேன், பக்கத்தில் அம்மா மட்டும் இருப்பாள்.

நீ கூப்பிட்டதும் நான் "எந்தக் கால்?" என்று கேட்பேன். நீ பழக்கத்தில் ஹவில்தார் குரலை எடுப்பாய். எடு. பேசி முடி. நான் சிரிக்க மாட்டேன். இந்தப் பக்கம் ஒரு சத்தமும் வராது. உனக்கு அது பயமாக இருக்கும், லைன் போய்விட்டதோ என்று தோன்றும். லைன் போயிருக்காது. பின்னால் இருப்பவன் அவசரப்படுத்துவான், அவசரப்படுத்தட்டும், போனைக் கொடுக்காதே. வாழ்நாளில் ஒரு வரிசையில்கூட நான் பொறுமையாக நின்றதில்லை. அன்றைக்கு நிற்பேன். நீ மறுபடியும் இன்னொரு கதையை எடுத்தால், அதையும் முழுசாகக் கேட்டுவிட்டு, மறுநாள் காலையில் ரயில் ஏறுவேன். கேட்டில் வந்து நிற்கிற உன் அப்பனைப் பார்த்து அங்கே யார் சிரித்தாலும் சரி.

வைக்கும்போது அம்மா சிரித்தாளா என்று கேட்பாய். கேட்காதே. அவள் சிரிக்கவில்லை. போனுக்கு இந்தப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு, நீ வலிக்குது என்று சொல்வதற்காக உட்கார்ந்திருக்கிறாள்.

அப்பா